பஞ்சடைச்ச சுவர்

வாங்க அம்மிணி, வாங்க. உள்ள வந்துட்டுப் பேசுவோம். மொதல்ல கதவச் சாத்துங்க. சாத்துங்க, சாத்துங்க! ஐயோ, அப்படி இல்லீங்க, ஒரு தம் புடிச்சு இழுத்துச் சாத்தோணும். டப்புனு ஒரு சத்தம் வரும் பாருங்க. ஆங், வந்துச்சா? அதான் ரப்பர் பட்டை. கார் கதவுக்கு வெக்கறது. மேட்டுப்பாளையம் போயி வாங்கியாந்து நானே ஒட்டுனேன். இந்தக் குன்னூர்ல பெரிய பெரிய பங்களாவுல இருக்கறவிங்க எல்லாம் கதவுக்கடியில கோணிச்சாக்கச் சுருட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்ற வீட்டுக் கதவுல ஒரு பொட்டுக் காத்து வருதான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க.

குனிய வேண்டாம், சும்மா சொன்னேன். உக்காருங்க. காப்பி போட்டுட்டேன், இந்தாங்க.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிப்போடறேன், அப்புறம் நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாது. தனி ஆளுக்கு நான் வீடு விடறதில்லைங்க. ஆம்பளையோ பொம்பளையோ, தனி ஆளுன்னா கெடையாது. குடும்பமா இருக்கோணும். புருசன் பொண்டாட்டி, கொழந்தை குட்டி இருந்தா இன்னும் விசேசம். உங்க வீட்டுக்காரரு அப்புறமா வர்றாருன்னுதானே போன்ல சொன்னீங்க? அது போதும். நீங்க பேங்க்ல, அவரு சேலத்துல. சரி சரி. அவரு பேசுவாருங்களா? அட, சும்மா கேட்டேன். சில பேரு வாயில கொழுக்கட்டைய வெச்ச மாதிரியே இருப்பாங்க. அப்படிப்பட்ட ஆளுங்க சரிப்பட மாட்டாங்க, அதுக்குத்தான்.

வீட்டக் காட்டறேன், காட்டறேன். அவசரப்படாதீங்க. இந்த வீட்டப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கோணும். சந்துல யாரக் கேட்டாலும் கோகிலம் வீட்டுல குளிரே கெடையாதுன்னு சொல்லுவாங்க. அதோட வேற ஒண்ணும் சேத்துச் சொல்லுவாங்க. அத நான் சொல்லி நீங்க கேக்கறதுதான் நல்லது. வெளியில கேட்டீங்கன்னா கண்ணு மூக்கு வெச்சுச் சொல்லுவாங்க.

இது முன்னால ஒரே வீடுங்க. மேல தகரம், கீழ பலகை. என்ற வீட்டுக்காரரு இருந்தப்பவே நடுவுல பலகைத் தடுப்பு அடிச்சு ரெண்டாக்கிட்டாரு. இக்கட்ட நாங்க, அக்கட்ட குடி இருக்கறவிங்க. அவரு போனப்பறம் இக்கட்ட நான் மட்டும். பையன் ஓசூர்ல. ஞாயித்துக்கெழம பேசுவான். 'என்னம்மா பண்றே'ம்பான், 'சும்மா இருக்கேன்'ம்பேன், 'சரி வெச்சரட்டுமா'ம்பான். நல்ல பையன்.

போன ஐப்பசில ஒரு ஜோடி குடி வந்துச்சு. அவன் பேரு திருமூர்த்தி, ஸ்கூல் வேன் ஓட்டறவன். அவ பேரு மோகனா, கரூர்க்காரி. கல்யாணம் ஆயி புதுசு. கரூர் வெயில்ல பொறந்து வளந்த பொண்ணுங்க அது. இங்க வந்த மொத வாரமே தேங்காயெண்ணெய் பாட்டிலத் தூக்கிட்டு ஓடியாந்துட்டா. 'அம்மா, கடைக்காரன் ஏமாத்திட்டான், மெழுகக் குடுத்துட்டான்'னு. நான் சிரிச்ச சிரிப்பு இருக்குதே! இந்த ஊர்ல எண்ணெய் எப்பவும் கல்லுதான் கண்ணு, அடுப்புப் பக்கம் வெச்சாத்தான் எறங்கி வரும்னேன்.

கார்த்திக பொறந்துச்சு. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, மப்ளர் சுத்திக்கிட்டு, அந்தப் புள்ள சமையக்கட்டுல நிக்கறதப் பாத்தா பாவமா இருந்துச்சு. அவன் வேற, 'இந்த ஐஸ் பொட்டிக்குள்ள எவன் இருப்பான், வேற வீடு பாக்கலாம்'னு சொல்றான். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? பலகைத் தடுப்புங்க. ரெண்டு பலகைக்கு நடுவுல கைவிரல் போற சந்து. அவிங்க கடுகு தாளிச்சா எனக்கு இருமல் வரும். நான் ஒட்டுக் கேக்கறவ கெடையாது. காது தானா கேக்குது, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பொத்திக்கிட்டா உக்காந்திருக்க முடியும்?

வேற வீடுங்கற பேச்சக் கேட்டதும் எனக்குச் சோறு எறங்கல. சரி, குளிருதானே பிரச்சன, அத ஒரு கை பாத்துப்போடலாம்னு எறங்கிட்டேன்.

எப்படிப் பண்ணுனேன் தெரியுங்களா? ஊதுபத்தி. சாமிக்கு வெக்கற ஊதுபத்தியப் பத்த வெச்சு, ஜன்னல் ஓரம், கதவு ஓரம், செவுரும் கூரையும் சேர்ற எடம், எல்லாப் பக்கமும் மெதுவா கொண்டுக்கிட்டுப் போவேன். பொக நேரா மேல போச்சுன்னா அந்த எடம் சரி. பொக வளைஞ்சு ஆடுச்சுன்னா அங்க ஓட்டை. யாருங்க சொல்லிக் குடுத்தா? யாரும் இல்ல. பூஜை பண்ணும்போது ஜன்னலச் சாத்தியும் பொக ஆடுது, ஏன் ஆடுதுன்னு யோசிச்சேன், பிடிபட்டுப் போச்சு. எங்கெங்க பொக ஆடுச்சோ அங்கெல்லாம் சாக்பீஸ்ல கோடு போட்டேன். முடிச்சுட்டுப் பாத்தா வீடு பூராம் கோடு. திருமூர்த்தி பாத்துட்டு, 'என்னம்மா, போலீஸ் வந்துட்டுப் போன மாதிரி இருக்குது'ங்கறான். லொள்ளுப் புடிச்சவன்.

எதுத்த வீட்டு பெஞ்சமின் கார்பெண்டரு. அவரக் கூப்புட்டு, தகரத்துக்கும் மேல்பலகைக்கும் நடுவுல தெர்மாகோல் அடுக்கச் சொன்னேன். சமையக்கட்டுல மட்டும் வேண்டாம்னு அவரே சொல்லிப்புட்டாரு, நெருப்புன்னா அது குப்புனு புடிச்சுக்குமாம். அங்க சிமெண்டு அட்டை. ஜன்னலுக்கு, ஃபிரிட்ஜ் வாங்கும்போது சுத்திக் குடுப்பாங்களே, கொப்புளம் கொப்புளமா ஒரு பிளாஸ்டிக், அத ரெண்டு அடுக்கா நானே ஒட்டுனேன். வெளிச்சம் வரும், குளிரு வராது. சந்து பொந்தெல்லாம் பழைய துணியக் கிழிச்சு, தோசைக்கரண்டிக் காம்புல குத்திக் குத்தி அடைச்சேன். என்ற கல்யாணப் பொடவை பாதி இந்த வீட்டுக்குள்ளதான் இருக்குது. எங்கன்னு கேட்டா எனக்கே தெரியாது.

மோகனாவுக்கு சந்தோசம்னா சந்தோசம். 'அம்மா, கால் வெறைக்கறதே இல்லீங்கம்மா'ன்னு வந்து என்னயக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அந்தப் பேச்சு, வேற வீடு பாக்கற பேச்சு, அதோட நின்னு போச்சு. கரண்டு ஹீட்டரக் கூட அவ எடுத்துக் கட்டில் அடியில போட்டுட்டா.

அப்புறம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. பொழுதோட அவன் வருவான், சண்டை ஆரம்பிக்கும். ஈரத்துண்ட ஏன் கட்டில் மேல போட்டே, சாம்பார்ல ஏன் புளி தூக்கலா இருக்குது, உங்கம்மா அப்படிச் சொன்னா, எங்கம்மா இப்படிச் சொன்னா. அருமையா போடுவாங்க. அவ ஒண்ணு சொன்னா அவன் ரெண்டு சொல்லுவான், அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சுருவாங்க. நான் இக்கட்ட உக்காந்து அவரைக்காய் நறுக்கிக்கிட்டிருப்பேன். எனக்கும் வேலை ஓடிப்போகும்.

ஒரு நாளு சண்டை கொஞ்சம் முத்திப் போச்சு. பொங்கலுக்குக் கரூர் போறதப் பத்தி. அவன் அடிச்சுச் சத்தியம் பண்றான், 'பொங்கலுக்கு உங்க ஊருக்குப் போலாம்னு நானா சொன்னேன்? எப்பச் சொன்னேன்? சொல்லு பாக்கலாம்!'ங்கறான். அந்தப் புள்ளைக்குச் சட்டுனு ஞாபகம் வரல. தெணறுது. எனக்குப் பொறுக்கல, அம்மிணி. நாயம்னு ஒண்ணு இருக்குதில்ல? நான் இக்கட்ட இருந்து, 'செவ்வாக்கெழம சொன்னப்பா, தோசை தின்னுக்கிட்டிருக்கும்போது'ன்னேன்.

அக்கட்ட ஒரே அமைதி. சரி, சண்டை தீந்துபோச்சு, தீத்து வெச்சது நாமதான்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா எந்திரிச்சுப் போயிச் சாப்புட்டேன்.

அடுத்த நாள்லருந்து குசுகுசுப் பேச்சுங்க! குசுகுசு, குசுகுசு. ஒரு வார்த்தை கேக்குது, அடுத்த வார்த்தை கேக்கல. 'அந்த இது வந்துச்சா', 'இல்ல, அதுகிட்ட சொல்லலாம்'. எது? எதுகிட்ட? மனுசனுக்குத் தலை வெடிச்சுப் போகாதா? அதுக்கப்பறம் அதுவும் இல்ல. சண்டைய போன்ல எழுதிப் போட்டுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரே ரூம்புக்குள்ள! கட்டில்ல அவ, சேர்ல அவன். இவ போன் டிங்குங்குது, ஒடனே அவன் போன் டிங்குங்குது. ஒரு வார்த்தை கெடையாது. டிங், டிங், டிங். இதுக்கா நான் தெர்மாகோல் அடிச்சு விட்டேன்?

பால்காரம்மாதான் வந்து சொன்னா. மோகனா அவகிட்டச் சொல்லிச்சாம், 'வீட்டுக்குள்ள மூணு பேரு குடித்தனம் பண்ற மாதிரி இருக்குதுங்கக்கா'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லிச்சாம். நான் என்ன அவிங்க வீட்டுக்குள்ளயா போயி உக்காந்தேன்? என்ற வீட்டுல நான் உக்காந்திருந்தேன்.

வந்துச்சு பாருங்க ரோசம். பெஞ்சமினக் கூப்புட்டேன். 'இந்தத் தடுப்பப் பிரிங்க, நடுவுல பஞ்சு அடைச்சு, மேல ஹார்ட்போர்டு அடிங்க'ன்னேன். அவரு பாக்கறாரு. 'அக்கா, குளிரு வெளியில இருந்துல்ல வருது? வீட்டுக்குள்ள இருக்கற தடுப்புக்கு எதுக்குப் பஞ்சு?'ங்கறாரு. 'சொன்னதச் செய்யுங்க'ன்னேன். பஞ்சுக்கு எங்க போறது? என்ற வீட்டுக்காரரு மெத்தை சும்மா சுருட்டித்தான் கெடந்துச்சு. நல்ல இலவம்பஞ்சு. பிரிச்சுக் கொட்டிப்போட்டேன். நாங்க ரெண்டு பேரும் மூக்கு பூராம் பஞ்சோட, தும்மித் தும்மி அடைச்சோம். மோகனா வந்து எட்டிப் பாத்துட்டு, 'ஏனுங்கம்மா இது?'ன்னா. 'சூடு வெளிய போவுது கண்ணு'ன்னேன். மூஞ்சியப் பாக்காமத்தான் சொன்னேன்.

அடைச்சதும் பாருங்க, அக்கட்ட ஒரு பாத்திரம் விழுந்தாக் கூடக் கேக்கல. மொத நாளு நெம்ப நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் காதுக்குள்ள என்னமோ ஙொய்யினு ஒரு சத்தம். டிவிய வெச்சேன். டிவியில சண்டை போடறாங்கதான், போடாம என்ன. ஆனா அது நாம கேக்கோணும்னே போடற சண்டை, அதுல என்ன இருக்குது? அவரைக்காய் நறுக்கப் புடிக்கல. காது டாக்டர்கிட்டப் போனேன். அவரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, 'காதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது, வீட்டுல யாரு இருக்கா?'ன்னு கேட்டாரு. காதுக்கு வந்தவகிட்ட வீட்டுல யாரு இருக்கான்னு எதுக்குங்க கேக்கோணும்? அந்த டாக்டரு சரியில்ல.

காப்பி ஆறுது, குடிங்க.

இனிமேதான் அந்த விசயம். சந்துல சொல்லுவாங்கன்னு சொன்னேனே, அது.

ஞாயித்துக்கெழம பொழுதோட நான் ஊதுபத்தியோட ஒரு சுத்து வருவேன். ரப்பர் பட்டை விட்டுப்போச்சா, எங்கயாச்சும் காத்து வருதான்னு பாக்கோணுமில்ல. அவிங்க பக்கமும் பாக்கோணும். வீட்டுக்காரின்னா பொறுப்பு இருக்குது. போனா அந்தப் புள்ள காப்பி குடுக்கும், ரெண்டு வார்த்தை பேசும். அதுக்காகப் போறதில்லீங்க, பட்டைக்காகத்தான்.

அன்னிக்கு நெம்பக் குளிரு. செடி மேலயெல்லாம் உப்புத் தூவுன மாதிரி பனி விழுகற காலம். நான் ஊதுபத்தியப் பத்த வெச்சுக்கிட்டு அவிங்க வாசல்ல போயி, கதவோரமா புடிச்சேன். பொக நேரா நிக்குது! கீழ புடிச்சேன், நேரா. மேல புடிச்சேன், நேரா. ஒரு இம்மி அசையல. எனக்குப் பெருமை தாங்கல. நம்ம கை வேலை எப்படின்னு சித்த நேரம் நின்னு ரசிச்சேன். அப்புறம் கதவத் தட்டுனேன். பதில் இல்ல. திரும்பத் தட்டுனேன். இல்ல. செருப்பு ரெண்டு ஜோடியும் வெளியில கெடக்குது. ஓஹோ, உள்ள இருந்துக்கிட்டே தொறக்க மாட்டேங்கறீங்களா, அவ்வளவுக்கு ஆயிப்போச்சான்னு கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. 'இனிமே இந்தப் படி ஏறுனா என்னென்னு கேளுங்க'ன்னு கத்திப்போட்டு எறங்கிட்டேன்.

ரெண்டு படிதான் எறங்கியிருப்பேன், அவ போன் அடிக்குது. கதவுக்கு அந்தப் பக்கத்துலயே கெடந்திருக்கோணும், லேசாக் கேக்குது. அது அவங்கம்மா கூப்புடற பாட்டு. எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழமயானா கரூர்லருந்து வரும், மொத அடி முடியறதுக்குள்ள எடுத்து 'அம்மா'ம்பா. அன்னிக்கு எடுக்கல. நின்னு போச்சு. திரும்ப அடிச்சுச்சு. எடுக்கல.

அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு, அம்மிணி. என்மேல கோவம்னா கதவத் தொறக்காம இருப்பா, அவங்கம்மா மேல என்ன கோவம்?

படியில இருந்த பூந்தொட்டியத் தூக்கி, கதவுக்குப் பக்கத்து ஜன்னல்ல அடிச்சேன். கண்ணாடி ஒடைஞ்சுச்சு. உள்ள பாத்தா அந்தக் கொப்புளப் பிளாஸ்டிக். ரெண்டு அடுக்கு! நானே ஒட்டுனது, பிரிய மாட்டேங்குது! நகத்தால கீறறேன், பல்லால இழுக்கறேன், அட கெரகமே, எவடி இத இவ்வளவு நல்லா ஒட்டுனான்னு என்னயவே திட்டிக்கிட்டு, ஒடைஞ்ச கண்ணாடியால கிழிச்சுக் கைய உள்ள விட்டுக் கதவுத் தாழ்ப்பாளத் தொறந்தேன். இந்தத் தழும்பு அதுதான்.

உள்ள நடுரூம்புல கரிச்சட்டி. கனகனன்னு இருக்குது. கரியள்ளிப் போட்டு, பக்கத்துல படுத்துக் குளிரு காஞ்சிருக்காங்க. பொகையே இல்லீங்க, அதுதான் மோசம். வாசமும் இல்ல. அந்தப் புள்ள கதவுப் பக்கம் வரைக்கும் வந்து சுருண்டு கெடக்குது, அவன் கட்டிலடியில. ரெண்டு கைலயும் அவளப் புடிச்சு வாசலுக்கு இழுத்தேன். அவன என்னால அசைக்க முடியல. 'பெஞ்சமினு!'ன்னு போட்டேன் ஒரு சத்தம். சந்தே கூடிருச்சு. அவருதான் ஓடியாந்து, திருமூர்த்திய மூட்ட மாதிரி தோள்ல போட்டு வெளிய கொண்டாந்தாரு.

வாசல்ல, அந்தப் பனில, ரெண்டு பேரையும் படுக்க வெச்சோம். எந்தக் குளிர உள்ள விடக் கூடாதுன்னு நான் தொண்டத்தண்ணி வத்தப் பாடுபட்டேனோ, அதே குளிருதான் அவிங்க மூஞ்சில அடிச்சு எழுப்புச்சு. மோகனா மொதல்ல கண்ணு முழிச்சா. 'அம்மா'ன்னா. சொல்லிட்டு என்ற சால்வை மேலயே வாந்தி எடுத்துட்டா. எடுத்தா எடுத்துட்டுப் போகுது, எனக்கு அழுகை வந்துருச்சு. அப்புறம் அவன் முழிச்சான். முழிச்சு மொத வார்த்தை என்ன சொன்னாங்கறீங்க? 'கதவச் சாத்துங்க, குளிருது'ங்கறான்! பளார்னு விட்டேன் ஒண்ணு கன்னத்துல. தப்பா? சொல்லுங்க, தப்பா?

ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்குல ஆக்ஸிஜன் வெச்சாங்க, காத்தாலைக்குள்ள ரெண்டும் எந்திரிச்சு உக்காந்துருச்சு. ஆஸ்பத்திரி டாக்டரு நல்லவரு, ஆனா வாய் ஜாஸ்தி. அடைச்ச வீட்டுக்குள்ள கரி எரிச்சா வெச வாயு வரும், கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தூங்கற மாதிரியே ஆளக் கொண்டுட்டுப் போயிரும்னாரு. வீடுன்னா வெளிக்காத்து வந்து போக வழி இருக்கோணும்னாரு. 'யாரும்மா வீட்ட இப்படி டப்பா மாதிரி அடைச்சது?'ன்னு கேட்டாரு. நான் பெஞ்சமினப் பாத்தேன். பெஞ்சமின் என்னயப் பாத்தாரு.

கரிச்சட்டி வெச்சது அவிங்கதானே? நானா வெச்சேன்? நான் அடைச்சேன், இல்லேங்கல. கட்டில் அடியில ஹீட்டர வெச்சுக்கிட்டு யாராச்சும் கரி வாங்குவாங்களா? கரண்டு மிச்சமாகும்னு அவனுக்கு ஒரு யோசனை. நான் முன்ன மாதிரி இருந்திருந்தா, அவ 'ஏனுங்க இந்தக் கரி'ன்னு கேக்கும்போதே காதுல விழுந்திருக்கும். ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். எங்க விழுகறது, பஞ்சு அடைச்சு வெச்சிருக்கேன்.

கரூர்லருந்து அவங்கம்மா வந்தாங்க. என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதாங்க, 'எம்புள்ளையக் குடுத்த தெய்வம்'னாங்க. அழுது முடிச்சுட்டு சாமானத்த வண்டில ஏத்திட்டாங்க. இப்ப மேட்டுப்பாளையத்துல இருக்காங்க ரெண்டு பேரும். மோகனா எப்பவாச்சும் போன் பண்ணுவா. 'அவன் என்ன சொன்னான், நீ என்ன சொன்ன'ன்னு நான் கேட்டா, 'சண்டையே போடறதில்லீங்கம்மா'ங்கறா. பொய் சொல்றா. அந்தப் புள்ள சண்டை போடாம இருக்குமா?

அதுக்கப்பறம் ரெண்டு குடும்பம் வீடு பாக்க வந்துச்சு. சந்துல எவளோ வாயப் பொளந்துட்டா, மொதக் குடும்பம் கதவு சாத்துற சத்தத்தக் கேட்டே ஓடிப்போச்சு. ரெண்டாவது வந்தவிங்கள நான்தான் வேண்டாம்னுட்டேன். புருசனும் பொண்டாட்டியும் தல ஆட்டியே பேசிக்கறாங்க. அவரு ஜன்னலக் காட்டறாரு, இவ தல ஆட்டறா. என்ன குடும்பம் அது?

இப்ப பயப்பட ஒண்ணுமில்ல, வாங்க காட்டறேன். இந்தா பாருங்க, கதவுக்குப் பக்கத்துல கீழ ஒரு காத்துவழி, எதுத்த செவுத்துல மேல ஒண்ணு. கம்பி வல அடிச்சிருக்குது, எலி வராது. டாக்டரு சொன்னபடியே பெஞ்சமின் பண்ணுனாரு. குளிரு உள்ள வராதாங்கறீங்களா? சித்த வரும். உசுரோட இருந்தாத்தானே குளிரும். கரி, விறகு, எதுவும் உள்ள வரப்படாது, அது சட்டம். கேஸ் அடுப்பு எரியும்போது ஜன்னல் தொறந்திருக்கோணும். கரண்டு ஹீட்டர் நானே தர்றேன். மேல தெர்மாகோல் அப்படியே இருக்குது. சூடு நின்னு நிதானமா இருக்கும்.

அதுங்களா? அது தடுப்புல ஒரு ஓட்டை. அதுவும் காத்துக்குத்தான். அந்தப் பஞ்செல்லாம் உருவிப்போட்டேன். உருவுனது மட்டும் பத்தாதுன்னு இந்தச் சதுரத்தையும் வெட்டச் சொன்னேன். வெளிச் செவுத்துலதான் ரெண்டு இருக்குதே, இது எதுக்குன்னு கேக்கறீங்க. பெஞ்சமினும் இதையேதான் கேட்டாரு. என்ற பக்கத்துச் சூடு உங்க பக்கம் வரும், உங்க பக்கத்துச் சூடு என்ற பக்கம் வரும். ரெண்டு வீடும் ஒண்ணா காயும். என்ற கட்டில் தலைமாடு அதுக்கு நேரா அமைஞ்சு போச்சு, அது தானா அமைஞ்சதுதான். சிரிக்காதீங்க.

சரி, ஒண்ணு பண்ணுங்க. நான் என்ற பக்கம் போறேன், நீங்க இக்கட்ட இருந்து ஏதாச்சும் பேசுங்க. காத்து எப்படிப் போகுதுன்னு நீங்களே தெரிஞ்சுக்கலாம். போறேன். ம், வந்துட்டேன். பேசுங்க!

பேசுங்க அம்மிணி. என்னமும் பேசுங்க. 'இன்னிக்கு என்ன கொழம்பு'ன்னு பேசுங்க. ஒண்ணுமே வரலியா? சரி, உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வீடு நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன், அவரு குரல மட்டும் கேட்டுக்கறேன். போடுங்க.

ஏன், லைன் கெடைக்கலியா?

அம்மிணி? ஏனுங்க, மூக்க உறிஞ்சறீங்களா? அழுகறீங்களா? ஏங்கண்ணு? நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா? அங்கயே நில்லுங்க. இல்ல, இங்கிருந்தே சொல்லுங்க, கேக்குது. நல்லா கேக்குது.

என்னது?

வரமாட்டாரா? எப்பவுமா? ஒரு வருசமா தனியாத்தான் இருக்கீங்களா? அப்ப போன்ல சொன்னது?

ஓ. தனி ஆளுன்னா யாரும் வீடு தர்றதில்லயா. பாத்த வீட்டுல எல்லாம் இதே பேச்சா. வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டாங்களா. நான் கூட வந்ததும் வராததுமா அதத்தான் சொன்னேன், கையில காப்பியும் குடுத்து. பொய் சொல்லிட்டீங்களேன்னு எனக்குக் கோவம் வருது. வருது, வந்துட்டுத்தான் இருக்குது, இருங்க.

அந்தச் சட்டம் நான் போட்டதுதான். தனி ஆளுன்னு இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன், இன்னொரு தனி ஆள வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் போட்டேன். ஒத்த ஆளுன்னா யாரோட பேசும், எங்க சத்தம் வரும்? ராத்திரி சோத்தத் தட்டுல போடற சத்தம் ஒண்ணு, கழுவி வெக்கற சத்தம் ஒண்ணு. எனக்கு அந்த ரெண்டு சத்தமும் நல்லாத் தெரியும் கண்ணு, நானே போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.

அழுவாத. அழுவாதங்கறேன்ல? எந்திரி. நாளைக்கே பொட்டியத் தூக்கிட்டு வந்துரு. தனி ஆளுன்னா இருந்துட்டுப் போகட்டும். சண்டைக்கு ஆள் வேணும்னா நான் இருக்கேன். சாம்பார்ல புளி தூக்கல்னு சொல்லு, நான் ரெண்டு சொல்றேன். யாராச்சும் கேட்டா கோகிலத்தோட அக்கா பொண்ணுன்னு சொல்லிக்கலாம்.

அந்த ஓட்டைக்கு ஒரு மூடி போட்டுத் தரச் சொல்றேன் பெஞ்சமின. கொண்டி உன் பக்கம் இருக்கட்டும், என் பக்கம் வேண்டாம். உனக்கு எப்பத் தோணுதோ தொறந்துக்கோ, வேண்டாம்னா சாத்திக்கோ, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். காத்தால எந்திரிச்சதும் மட்டும் ஒருக்கா தொறந்துரு, என்ன? காத்துக்குத்தான் சொல்றேன்.